சம்பந்தமில்லாதவை

க்ளக்ஸ்விக்கில் இரவு பதினொன்று.
மீன்கூண்டுகளில் ஆக்ஸிஜன் அளக்க
நான் எழுதிய நிரல்
சிலி நாட்டின் அடிக்கோடியில்
கெயோன் என்ற ஊரில் படுத்துவிட்டதாம்.
எலெயுத்தேரியோ எழுதுகிறார்:

"மதிப்பிற்குரிய ரன்வா,
நீங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.
இங்கே ஆறு நாளாக மழை விடவில்லை.
அங்கே நல்ல வெயில் என்று நம்புகிறேன்.
நிரல் வேலை செய்யவில்லை.
அவசரம்.
அன்புடன்."

பரோ தீவில் வெயில்!
போகட்டும்.

வேலை செய்யவில்லை:
'பசிக்கிறது' என்பதற்கு அடுத்தபடியாக
உலகத்தின் பழைய புகார்.
எது, எப்போதிலிருந்து, திரையில் என்ன வந்தது
ஒன்றும் கிடையாது.
குடும்பம் மட்டும் நலம்.

எழுதினேன்:
"எந்த வெர்ஷன்? லாக் எங்கே?
சம்பந்தமில்லாததை எழுத வேண்டாம்."

எங்கள் ஊரில் இது மரியாதை.
படகில் நிற்பவனிடம் நீட்டி முழக்குவதில்லை.
கயிறு என்றால் கயிறு.
எலெயுத்தேரியோவின் ஊரில்
நலம் விசாரிக்காமல் கயிறு கேட்பவன்
கயிற்றைத் திருட வந்தவன்.
இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தை
வாடகைச் சட்டைபோல மாட்டிக்கொண்டு
முட்டிக்கொண்டோம்.
எனக்குத் தோளில் இறுக்கம்.
அவருக்குக் கை நீளம்.

நடுவில் ப்ரேமர்ஹாஃபனிலிருந்து டெட்லெஃப்.
யாரும் கூப்பிடவில்லை.
"இதே கேள்வி இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்
கேட்கப்பட்டுவிட்டது. தேடிவிட்டுக் கேட்கவும்."
தேடிப் பார்த்தேன்.
பத்தொன்பதில் கேட்டவருக்கும்
டெட்லெஃப்தான் பதில் சொல்லியிருந்தார்:
தேடிவிட்டுக் கேட்கவும்.

எலெயுத்தேரியோ லாக் அனுப்பவில்லை.
திரையைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பினார்.
பாதித் திரையைக் கட்டைவிரல் மறைத்திருந்தது.
நகத்தில் ஒரு செதில்.
கூடவே:
"தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லிவிடுங்கள், அம்மணி."

அம்மணி.

எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினேன்.
கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.
நான்கு பதில் எழுதி மூன்றை அழித்தேன்.
அழித்த மூன்றும் அருமையானவை.

மிஞ்சியது இது:
"நாலாவது சென்சார் மட்டும்தான் பூஜ்யமா?"
"ஆமாம்."
"அதற்கு முன்னால் ஏதாவது மாறியதா?"
"முதலிலேயே சொன்னேனே."

சொன்னாரா?
மேலே ஏறிப் போனேன்,
டெட்லெஃபைத் தாண்டி, கட்டைவிரலைத் தாண்டி,
என்னைத் தாண்டி
(அதற்குச் சற்று நேரமாயிற்று)
முதல் கடிதத்துக்கு.
குடும்பத்துக்கும் அவசரத்துக்கும் இடையில்
நான் கண்ணை ஓட்டிவிட்டுப் போன வரி:
ஆறு நாளாக மழை.

மழையிலேயே வளர்ந்தவள்.
ஜன்னலில் அது அடித்துக்கொண்டிருக்கும்போதே
அதைச் சம்பந்தமில்லாதது என்றிருக்கிறேன்.

"நாலாவது கூண்டின் இணைப்புப் பெட்டியைத்
திறந்து பாருங்கள். தண்ணீர் இறங்கியிருக்கும்."

பிறகு நாற்பது நிமிடம் சத்தமில்லை.
அங்கே யாரோ வழுக்கும் தெப்பத்தில்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.
டெட்லெஃப்கூட எதுவும் சொல்லவில்லை.

வந்தது:
"ஒரு குவளை தண்ணீர். துடைத்தோம், ஓடுகிறது.
நாலாவதில் கொஞ்சம் மீன் செத்துவிட்டது.
பரவாயில்லை. நன்றி."

'கொஞ்சம்' என்பது எத்தனை?
கேட்கக் கை போனது.
எண்ணைத் தெரிந்துகொண்டு
யாருக்கு என்ன பழுது பார்ப்பேன்?

விளக்கை அணைக்குமுன் எழுதினேன்,
என் வாழ்நாளில் முதல்முறையாக
ஒரு காரணமும் இல்லாமல்:
"மதிப்பிற்குரிய எலெயுத்தேரியோ,
வீட்டில் எல்லாரும் நலமா?
இங்கேயும் மழைதான்."

காலையில் அவர் பதில் இருந்தது,
இரண்டே சொல்:

"எந்த வெர்ஷன்?"